கட்டுச்சோறு கட்டும் முன்னால் பேசி முடிக்க வேண்டியவை

காங்கேயத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மனைவிக்கு இது முதல் பிரசவம், 28 வாரம் முடிந்திருக்கிறது. போன வாரம் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2. ஐப்பசியில் கட்டுச்சோறு, அதாவது வளைகாப்பு, முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். தாய்வீடு அந்தியூர் பக்கம் தோட்டத்துச் சாளை (தோட்டத்துக்குள் இருக்கிற வீடு), ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. பிரசவத் தேதி கார்த்திகையில். "என்னென்ன எடுத்து வைக்கணும், சிக்கல் வந்தா என்ன பண்றது, எனக்குப் பயமா இருக்கு" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, நான் ஈரோடு மாவட்டத்துக் கிராமங்களில் 31 வருஷம் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கேட்டதில் பாதிக்குப் பதில் ஒரு பைக்குள் அடங்கிவிடும், அதைக் கடைசியில் சொல்கிறேன். மீதிப் பாதி பைக்குள் அடங்காது. அது உங்கள் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய காரியம். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

1990களின் நடுவில் அந்தியூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. ஆடி மாசம், குருநாதசாமி கோயில் தேர். குதிரைச் சந்தை பார்க்க வீட்டு ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சாளையில் மாமியாரும், மாசமாக இருந்த மருமகளும், ஐந்து வயசுப் பையனும்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வலி எடுத்திருக்கிறது. முதல் குழந்தை வீட்டிலேயே சுகமாகப் பிறந்ததால் யாரும் பதறவில்லை. பக்கத்துச் சாளைப் பாட்டி வந்து பார்த்தாள், எட்டரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்தது. அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. "மாமன் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்று மாமியார் சொல்லியிருக்கிறார். வாடகைக் கார் பிடிக்கப் பணம் பெட்டியில் இருந்தது. பெட்டிச் சாவி மாமனார் இடுப்பில் இருந்தது. என்னை வந்து எழுப்பினபோது மணி பதினொன்று.

நான் போனபோது ரத்தம் உறிஞ்சட்டும் என்று கட்டிலுக்கடியில் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். மூன்று பழஞ்சேலை நனைந்து மூலையில் கிடந்தது. அந்தப் பெண்ணின் கை சில்லென்று இருந்தது. "அக்கா, காது அடைக்குதுங்க" என்றாள். கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, தோட்டங்களுக்கு நடுவே போகிற மண்பாதையான இட்டேரி வழியாக ரோட்டுக்கு வந்து ஒரு காரில் ஏற்றினோம். பவானி வருவதற்குள் போய்விட்டாள்.

அந்த மாமியாரை நான் என்றைக்கும் குற்றம் சொன்னதில்லை. மருமகள் மேல் உயிராக இருந்தவர். "நீயே முடிவு பண்ணிக் கூட்டிக்கிட்டுப் போ, பணம் இங்கே இருக்கு" என்று அவரிடம் முன்னாலேயே யாரும் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு அதிகமாகி, கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடும். அந்த வீட்டில் காத்திருப்பிலேயே இரண்டரை மணி நேரம் போயிருந்தது.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லையென்றே சொல்லலாம். 2018-20 கணக்கில், ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் தமிழ்நாட்டில் இறந்த தாய்மார்கள் 54 பேர், இந்தியா முழுமைக்கும் அது 97. ஆனாலும் அந்த 54 பேரில் பலருடைய கதையிலும் இதே மூன்று தாமதங்கள் இருக்கும். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் சரியான வைத்தியம் கிடைப்பதில் தாமதம். தாய்மார் இறப்பைப் பற்றிப் படிக்கிறவர்கள் 1990களிலிருந்து இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். கர்ப்பிணிகள் நூறு பேரில் ஏறத்தாழ 15 பேருக்கு ஏதாவது ஒரு பெரிய சிக்கல் வரும் என்பது பொதுவான கணக்கு. அந்த 15 பேர் யார் என்று முன்கூட்டியே முழுசாகச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. ஸ்கேன் எல்லாம் நன்றாக இருந்த பெண்ணுக்கும் ரத்தப்போக்கு வரும். அதனால் எல்லோருமே அந்தப் பதினைந்தில் ஒருத்தர் என்று நினைத்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். பயந்துகொண்டு உட்காரச் சொல்லவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு எடுக்க வேண்டிய முடிவையெல்லாம் இப்போதே பகலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

கட்டுச்சோறு அன்றைக்கு இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒரே வீட்டில் இருக்கும். வளையல் போட்டு, சோறு பரிமாறி முடிந்ததும் ஒரு கால் மணி நேரம் உங்கள் அப்பா அம்மா, மாமனார் மாமியார், மனைவி, நீங்கள் என்று ஆறு பேர் மட்டும் உட்காருங்கள். "அம்மிணி உடம்பு சரியில்லை என்று சொன்னால், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களே வண்டியைக் கூப்பிட்டுக் கிளம்பிவிட வேண்டும். எனக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டாம், போகிற வழியில் சொன்னால் போதும்." இதை நீங்கள் உங்கள் வாயால், எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். மாமியாருக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால், பின்னால் ஏதாவது பேச்சு வருமோ என்று தயங்கி நிற்கிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்தை நீங்கள்தான் எடுத்துவிட முடியும். ஒரு தொகையை ரொக்கமாக அவர் கையிலேயே கொடுத்து வையுங்கள்.

அடுத்தது வழி. தோட்டத்துச் சாளை என்றதுமே எனக்கு அந்த இட்டேரி ஞாபகம்தான் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகி, டிராக்டர் போன தடத்தில் தண்ணீர் நிற்கும். ஆம்புலன்ஸ் உள்ளே வந்தால் சக்கரம் புதைந்துவிடும் என்று டிரைவர் ரோட்டிலேயே நிறுத்திவிடுவார். நீங்கள் போகிற அடுத்த தடவையே ரோட்டிலிருந்து வாசல்வரை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், அங்கே இரண்டு டிப்பர் கிராவல் கொட்டினால் வண்டி வருமா என்று மாமனாரிடம் பேசுங்கள். முடியாதென்றால் வீட்டிலிருந்து ரோடுவரைக்கும் எதில் கூட்டி வருவது என்று முடிவு செய்யுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் பொலிரோவோ மினி ஆட்டோவோ வைத்திருப்பவர் இருந்தால் அவரிடம் முன்னாலேயே சொல்லி, நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பைக்கில் மட்டும் உட்கார வைக்கக் கூடாது.

108க்குப் பேசும்போது "அந்தியூர் பக்கத்துல தோட்டம்" என்றால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஊர், பஞ்சாயத்து, மெயின் ரோட்டில் எந்தக் கோயில் அல்லது எந்த ரைஸ்மில் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு வழியே மறந்துபோகும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட அடுத்த நிமிஷம் ஒரு ஆள் டார்ச் எடுத்துக்கொண்டு ரோட்டு முக்குக்குப் போய் நிற்க வேண்டும். இதை ஒரு வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். ஒன்பதாவது படிக்கிற மச்சினன் பையன் குடையும் டார்ச்சுமாகப் போய் மழையில் நின்றான். வண்டி தேடாமல் நேராக வந்தது. அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்திருந்தது. அவளும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. பிரசவம் முடிந்து திரும்பி வருவதற்கு அரசு ஆஸ்பத்திரிகளில் 102 வண்டி இலவசமாக வீடுவரைக்கும் கொண்டுவந்து விடும், அதையும் தெரிந்து வைத்திருங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தாய்வீடு மலை மேலே இருந்தால், தாளவாடியோ கடம்பூரோ பர்கூரோ வால்பாறையோ, வலி வந்த பிறகு இறங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். தாளவாடி போகிற திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைப் பாதையில் 40. காட்டுப் பாதையில் ராத்திரி வண்டி விடாத கட்டுப்பாடு இருந்தாலும் ஆம்புலன்ஸை விடுவார்கள்தான், ஆனால் வளைவு வளைவுதானே. தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கீழே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அப்படி யாரும் இல்லாதவர்கள், மலைப்பகுதிப் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்குவதற்கென்று பேறுகாலக் காத்திருப்பு அறை இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று கிராமச் செவிலியரிடம் கேளுங்கள்.

இப்போது எந்த ஆஸ்பத்திரி என்பது. நம் பக்கத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை, கௌரவத்துக்காகப் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். ராத்திரியில் சிசேரியன் செய்ய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இங்கேயே இருப்பார்களா, கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார்கள்? ரத்தம் எங்கிருந்து வரும்? குழந்தைக்கு மூச்சுத் திணறினால் இங்கே பார்ப்பார்களா? உங்களால் முடியாது என்றால் எங்கே அனுப்புவீர்கள்? இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். அவர்கள் ஈரோடு அரசு தலைமை மருத்துவமனைக்கோ பெருந்துறை மருத்துவக் கல்லூரிக்கோதான் அனுப்புவோம் என்றால், அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே ஒரு தடவை வண்டியில் போய்ப் பார்த்துவிடுங்கள். சாதாரணப் பிரசவத்துக்கு 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் நல்ல இடம்தான், நானே நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மனைவிக்கு ரத்தம் குறைவு. பிரசவச் சமயத்தில் 10க்கு மேல் ஏறவில்லையென்றால், ரத்தம் ஏற்றுகிற வசதி உள்ள இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும்.

அந்த 9.2 பற்றி. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால் ரத்தசோகை, 7க்கும் 10க்கும் இடையில் இருந்தால் நடுத்தரம், 7க்குக் கீழே போனால் கடுமை. இதில் உங்கள் மனைவி தனியாள் இல்லை, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவாக, 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. சகஜம் என்பதால் இதை லேசாக விட்டுவிடக் கூடாது. 12 இருக்கிறவள் அரை லிட்டர் ரத்தம் போனால் தாங்கிக்கொள்வாள், 8 இருக்கிறவளுக்கு அதே அரை லிட்டர் ஆபத்து.

மாத்திரை தருகிறார்கள், சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். பாதி வீடுகளில் மாத்திரை அட்டை அலமாரியில் அப்படியே இருக்கும். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று நிறுத்திவிடுவார்கள். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ எடுத்தால் சத்து உடம்பில் சேரும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று மற்றதைத் தடுக்கும், அதனால் கால்சியம் காலையில், இரும்பு ராத்திரியில். காபி, டீயும் அப்படித்தான். சாப்பிட்ட கையோடு டம்ளரைத் தூக்குகிற பழக்கம் நம் பக்கத்தில் அதிகம், ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்கு ரத்தம் உறிஞ்சுகிற கொக்கிப்புழு இருக்கலாம். பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்றா என்று செவிலியரிடம் கேளுங்கள். மாத்திரையில் நாலு வாரத்துக்குள் ஒரு கிராமாவது ஏறவில்லையென்றால், இரும்புச்சத்தை ஊசி வழியாக டிரிப்ஸில் ஏற்றுவார்கள். உங்களுக்கு இருப்பது 12 வாரம்தான், மாத்திரையை மட்டும் நம்பி எட்டு வாரத்தை ஓட்டிவிட வேண்டாம். ராகிக் களி, கம்மஞ்சோறு, கொள்ளுப் பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, கறி எல்லாம் நல்லது, கொடுங்கள். ஆனால் 9.2இலிருந்து ஏறுவதற்குச் சாப்பாடு மட்டும் போதாது. "நிறையச் சாப்பிட்டா புள்ள பெருசாயிரும், ஆப்பரேசன் ஆயிரும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

ரத்தத்துக்கு ஆள் பார்த்து வைப்பதும் உங்கள் வேலை. நல்ல ஆரோக்கியமான, கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் கொடுக்காத மூன்று பேரைப் பேசி வையுங்கள். ரத்த வங்கியில் இருப்பு இருந்தால் வேறு குரூப்காரர் கொடுத்தும் அதை ஈடுகட்டலாம். மனைவி நெகட்டிவ் குரூப் என்றால் மட்டும் அதே குரூப்காரர்களையே தேடி வைக்க வேண்டும். நெகட்டிவ் குரூப்பாக இருந்து நீங்கள் பாசிட்டிவ் என்றால், ஆன்டி-டி ஊசி பற்றி டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். 28 வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒன்று. அடுத்த குழந்தையைக் காப்பாற்றுகிற ஊசி அது.

சர்க்கரைப் பரிசோதனை இன்னும் செய்யவில்லையென்றால் இதுதான் சமயம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 140க்குள் இருக்க வேண்டும். இதற்கு வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்றில்லை. சென்னை டாக்டர் சேஷையா கொண்டுவந்த முறை அது, நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே செய்கிறார்கள்.

ரத்தப்போக்குக்கு அடுத்து நான் பயப்படுவது பி.பி.க்கு. முதல் பிரசவத்தில்தான் இது அதிகம். கால் வீக்கம் கடைசி மாசங்களில் நிறையப் பேருக்கு வரும், படுத்து எழுந்தால் வடியும். அது வேறு. காலையில் எழும்போதே முகம் உப்பி, கண் இடுங்கி இருக்கிறதா பாருங்கள். கட்டுச்சோறு அன்றைக்குத் தாராளமாகப் போட்ட வளையல் ஒரு வாரத்தில் மணிக்கட்டைப் பிடிக்கிறதா, மோதிரம் கழற்ற வரவில்லையா பாருங்கள். ஒரு தடவை ஒரு பெண்ணின் கையைப் பிடித்து நாடி பார்க்கும்போது, வளையல் கையில் பதிந்து கோடு விழுந்திருந்ததை வைத்துத்தான் சந்தேகப்பட்டேன். பி.பி. 160க்கு மேலே இருந்தது. அவள் தலைவலியைக் கூடச் சொல்லவில்லை, வெயிலில் நின்றதால் என்று நினைத்திருக்கிறாள். விடாத தலைவலி, கண் மங்கல், கண்முன் பூச்சி பறப்பது, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 140க்கு 90 தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டும். இதை விட்டால் வருவதுதான் வலிப்பு. ஊரில் ஜன்னி என்பார்கள், காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். திருநீறு போடுவதை நான் தடுத்ததில்லை, ஆம்புலன்ஸில் ஏறின பிறகு போடுங்கள் என்பேன். வலிப்பு வந்தால் இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஸ்பூனோ துணியோ எதுவும் திணிக்காமல், 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள், அதுதான் இதற்கு மருந்து.

வேறு எதற்கெல்லாம் நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும்? பிரசவத்துக்கு முன்னால் ரத்தம் பட்டால், வலி இல்லாமல் பட்டாலும் சரி. நஞ்சுக்கொடி கருப்பை வாயருகே கீழே இருந்தால் வலியே இல்லாமல் கொட்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அது எங்கே இருக்கிறதென்று எழுதியிருப்பார்கள், டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனால், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, இன்னும் அவசரம். 37 வாரத்துக்கு முன்னால் விட்டு விட்டு வலி வந்தாலும் போய்விட வேண்டும், குழந்தையின் நுரையீரல் முற்றுவதற்கு ஊசி போட நேரம் வேண்டும். குளிரோடு காய்ச்சல், மூச்சு வாங்குவது, இதெல்லாமும்தான். அப்புறம் குழந்தை அசைவு. அசைவு அம்மாவுக்குத்தான் தெரியும். சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் படுத்து எண்ணச் சொல்லுங்கள், இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது இருக்க வேண்டும். "புள்ள தூங்குதாட்ட இருக்கு" என்று யாரும் ஆறுதல் சொல்லிப் படுக்க வைக்க வேண்டாம்.

வலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முதல் பிரசவக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பார்கள், அடங்கினால் சூட்டு வலி, அடங்காவிட்டால் பிள்ளை வலி என்பார்கள். அதில் ஒரு கெடுதலும் இல்லை, குடித்துவிட்டு எழுந்து நடக்கச் சொல்லுங்கள். பொய் வலி நடந்தால் குறையும், ஒழுங்கு இல்லாமல் வரும். நிஜ வலி முதுகில் ஆரம்பித்து முன்னால் வரும், நேரம் ஆக ஆக இடைவெளி குறையும், ஒவ்வொன்றும் நீளும். செல்போனில் நேரம் குறித்து வாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, ஒரு நிமிஷம் நின்று, ஒரு மணி நேரமாக அப்படியே தொடர்ந்தால் நேரம் வந்துவிட்டது என்று ஊருக்குள் இருக்கிறவர்களுக்குச் சொல்வோம். உங்களுக்கு இட்டேரி இருக்கிறது, மழை இருக்கிறது. பத்து நிமிஷ இடைவெளியிலேயே கிளம்பிவிடுங்கள். போய்விட்டுத் திரும்பி வந்தாலும் பரவாயில்லை, மூன்று தடவை போய் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

வலியைச் சீக்கிரப்படுத்த என்று யாராவது வீட்டிலேயே ஊசி போட வந்தால் போட விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக அளந்து, குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே கொடுக்கிற மருந்து அது. வீட்டில் மொத்தமாகப் போட்டால் கருப்பையே கிழியும். யூடியூப் பார்த்து வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்கிற பேச்சும் நம் பக்கம் வந்தது. 2018 ஜூலையில் திருப்பூரில் அப்படி முயன்ற ஒரு இளம்பெண், குழந்தை பிறந்த பிறகு ரத்தப்போக்கில் இறந்துபோனார். இயற்கையான பிரசவம் வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை, அதை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். துணைக்கு அம்மாவையோ அத்தையையோ பிரசவ அறைக்குள் அனுமதிக்கிறார்கள், அதையும் கேளுங்கள். பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் பயம் பாதியாகக் குறையும், நான் கண்கூடாகப் பார்த்தது.

இன்னொன்று, ஜாதகம் பார்த்து நாள் குறித்து சிசேரியன் செய்துகொள்வது. டாக்டர் காரணம் சொல்லி ஆப்பரேஷன் வேண்டும் என்றால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள், அப்போது நல்ல நேரம் பார்க்க வேண்டாம். காரணம் எதுவும் இல்லாமல் நட்சத்திரத்துக்காக 37 வாரத்தில் எடுக்கச் சொல்லாதீர்கள். 39 வாரம் முடியாமல் வெளியே எடுத்த குழந்தைகள் மூச்சுக்குத் திணறி, இன்குபேட்டர் என்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் போவதைப் பார்க்கச் சகிக்காது.

குழந்தை பிறந்ததும் எல்லோரும் குழந்தையைப் பார்க்கப் போய்விடுவார்கள். யாராவது ஒருத்தர் அம்மாவைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் துணியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பெரிய பேடு ஒன்று கால் மணி நேரத்தில் நனைந்தாலோ கட்டி கட்டியாக விழுந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், அவர்கள் திட்டினாலும் கூப்பிடுங்கள். அப்புறம் ஆறு வாரம்வரைக்கும் காய்ச்சல், நாற்றமடிக்கிற போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், தலைவலி, வலிப்பு எது வந்தாலும் "பச்சை உடம்பு, வெளியே கொண்டுபோகக் கூடாது" என்று வைத்திருக்காதீர்கள். தூங்காமல், சாப்பிடாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் அதுவும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான். குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சேனை, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம், தொப்புளில் எதையும் வைக்க வேண்டாம், முதல் நாள் குளிப்பாட்டவும் வேண்டாம்.

இனி பை. 32 வாரத்துக்குள் கட்டி, கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள். அம்மாவுக்கு முன்னால் திறக்கிற நைட்டி மூன்று, பெரிய பேடு இரண்டு பாக்கெட், துண்டு, செருப்பு. குழந்தைக்குத் துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்தி வேட்டித்துணி ஏழெட்டு, தொப்பி, போர்வை. புதுத்துணி வேண்டாம், கஞ்சி குத்தும். பிளாஸ்க், டம்ளர், போன் சார்ஜர், நூறு ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் பணம். அதே பையில் காகிதங்கள்: தாய் சேய் அட்டை, எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, இரண்டு பேர் ஆதார், காப்பீட்டு அட்டை, வங்கிப் புத்தகத்தின் நகல்.

இந்தக் காகிதத்தில்தான் நம் பக்கத்து வழக்கத்தால் ஒரு சிக்கல் வருகிறது. ஏழு மாசம் காங்கேயத்தில் பார்த்து, அட்டையை மாமியார் வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு, வளையலோடு மட்டும் அந்தியூர் வந்துவிடுவார்கள். அங்கே இருக்கிற டாக்டருக்கு இவளுக்கு ரத்தம் 9.2 இருந்தது தெரியாது, முந்தின பி.பி. தெரியாது, எந்த மாசத்தில் ஸ்கேன் எடுத்தாள் என்பது தெரியாது. அதனால் காங்கேயத்துச் செவிலியரிடம் "இன்ன ஊருக்குப் போகிறாள்" என்று சொல்லுங்கள். தாய்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்தியூர்ப் பக்கத்துச் செவிலியரைப் பார்த்து அட்டையைக் காட்டுங்கள். 12 இலக்கக் கர்ப்பப் பதிவு எண் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அதுதான் வழி. அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். பிரசவம் நடக்கப்போகிற ஆஸ்பத்திரியில் வலி வருவதற்கு முன்னால் குறைந்தது இரண்டு தடவையாவது காட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்பு முகாம் நடக்கும், ஐப்பசியில் அந்த நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கூடவே இருக்க முடியுமா என்று எழுதவில்லை. முடிந்தால் தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலும் பின்னாலும் லீவு சொல்லிவிட்டு அங்கேயே போய் இருங்கள். மாப்பிள்ளை மாமனார் வீட்டில் இத்தனை நாள் தங்குவதா என்று யாராவது கேட்டால், செவிலியர் சொல்லியிருக்கிறார் என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இரும்பு மாத்திரையை இன்று ராத்திரியே முறையாக ஆரம்பித்து, நாலு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். வந்த அளவை எழுதுங்கள், ஊசி கேட்க வேண்டுமா என்று அப்போது சொல்கிறேன்.